உப்புச் சட்டியும் ஒரு பொட்டலம் புளிச்சோறும்

எங்கள் வீட்டு அடுப்படியில் உப்பு போட்டு வைத்திருக்கும் சட்டி ஜப்பானிலிருந்து வந்தது. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அங்கிருந்துதான் வந்தது.

அக்கா மகன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ரெண்டு மாசம் ட்ரெயினிங்னு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் பிள்ளைகளுக்கு மிட்டாய், எனக்கு ஒரு டார்ச் லைட், என் அம்மாவுக்கு மூடியோடு ஒரு பழுப்பு நிற மண்சட்டி கொண்டுவந்தான். "அம்மாச்சி, இதுல சாப்பாடு வாங்கித் தின்னேன். சட்டியத் தூக்கிப் போட மனசு வரல"ன்னான். ரயில் ஸ்டேஷன் சாப்பாடாம். அம்மா அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சுட்டிருக்கான். ஆனா சட்டியோட சேத்து சோத்த வித்தா அவனுக்கு என்னப்பா மிஞ்சும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கும் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. அவனிடம் விவரம் கேட்டேன், பிறகு நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போகிறேன். ஜப்பான் புராணம் பாடுவதற்காக இல்லை. விஷயம் எங்கள் சோழவந்தான் வாழைத்தோட்டத்தில்தான் வந்து முடியும்.

அங்கே ரயில் நிலையத்தில் விற்கிற கட்டுச்சோற்றுக்கு 'எகிபென்' என்று பேர். 1885-ல் உட்சுனோமியா என்ற ஸ்டேஷனில் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். முதலில் விற்றது ரெண்டு சோற்று உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும்தான். உருண்டைக்குள் உப்பில் ஊறிய ஒரு புளிப்புப் பழம். அதை மூங்கில் பாளையில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் பாட்டிமார் வாழையிலையில் கட்டிக் கொடுத்த மாதிரியேதான்.

பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் ஊரில் விளைவதை வைத்துத் தனக்கென்று ஒரு சாப்பாடு பிடித்துக்கொண்டது. வடக்கே மோரி என்ற ஊரில் கணவாய் மீன் நிறையக் கிடைக்கும். 1941, யுத்த காலம், அரிசித் தட்டுப்பாடு. கணவாய்க்குள் கொஞ்சமாக அரிசியை அடைத்து வேகவைத்து விற்றார்கள். பஞ்சத்துக்குக் கண்டுபிடித்த உபாயம், இன்றைக்கு அந்த ஊரின் அடையாளம். டொயாமா என்ற ஊரில் மீனும் சோறும் சேர்த்து அழுத்தி, மூங்கில் இலை வைத்து வட்டப் பெட்டியில் தருகிறார்கள்.

எங்கள் வீட்டுச் சட்டி யோகோகாவா என்ற ஸ்டேஷனுடையது. அந்த ஊரைத் தாண்டினால் செங்குத்தான மலை. ரயிலைத் தள்ள இன்னொரு இன்ஜின் மாட்ட வேண்டும், அதற்காக வண்டி நிற்கும். நிற்கிற நேரத்தில் வியாபாரம். ஆறிப்போன சாப்பாடு யாருக்குப் பிடிக்கும்? அந்தக் கடைக்கார அம்மா பிளாட்பாரத்தில் பயணிகளிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டாராம். சூடாக, வீட்டுச் சாப்பாடு மாதிரி வேண்டும் என்றிருக்கிறார்கள். மண்சட்டி சூடு தாங்கும் அல்லவா? 1958-லிருந்து மாஷிகோ என்ற குயவர் ஊர்ச் சட்டியில் சோறு, கோழி, காளான், மூங்கில் குருத்து எல்லாம் வைத்துக் கொடுக்கிறார்கள். ரயில் கிளம்பும்போது விற்பவர்கள் வரிசையாக நின்று வண்டியைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொல்வார்களாம்.

1997-ல் புல்லட் ரயில் வந்தது, அந்த மலைப்பாதையை மூடிவிட்டார்கள். யோகோகாவாவைத் தாண்டி ரயிலே போகாது என்று ஆகிவிட்டது. நம்ம ஊராக இருந்தால் 'அந்தக் காலத்துல...' என்று ஒரு கட்டுரை எழுதிவிட்டு விட்டிருப்போம். அவர்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஹைவே ஓரத்துக்குப் போனார்கள். இன்றைக்கும் விற்கிறார்கள். அங்கேயும் எல்லாம் செழிப்பு என்று நினைக்க வேண்டாம். வேக ரயிலும் பெட்டிக்கடைச் சாப்பாடும் வந்து, ஸ்டேஷன் சாப்பாடு செய்கிற பல பேர் கடையை மூடிவிட்டார்கள். ஆனால் மிச்சம் இருப்பவர்கள் ஊர்ப் பேரை விடவில்லை.

சரி, இதெல்லாம் நம்மிடம் இல்லாததா? யோசித்துப் பாருங்கள். திருச்சியில் இருந்து தெற்கே ரயிலில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டே ஊரைச் சொல்லலாம். முறுக்கு என்றால் மணப்பாறை. திராட்சை, சிறுமலை வாழைப்பழம் என்றால் கொடை ரோடு. சாத்தூர் வந்தால் சேவும் வெள்ளரிப் பிஞ்சும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய், கடம்பூரில் போளி, திருநெல்வேலியில் அல்வா. கர்நாடகத்துப் பக்கம் போனால் மத்தூர் வடை. யாரும் திட்டம் போட்டு, கமிட்டி வைத்து உண்டாக்கியதில்லை. அந்த மண்ணில் என்ன விளைந்ததோ, அந்தத் தண்ணிக்கு எது ருசித்ததோ அது ஜன்னல் வழியாக வண்டிக்குள் ஏறியது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ரெண்டும் ஜன்னலோரத்தில் வளர்ந்த பண்டம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? மிச்சம் இருப்பது எல்லாம் நொறுக்குத் தீனி. பசிக்குச் சோறு என்று ஒன்று அந்த வரிசையில் இல்லை. முறுக்கு கெட்டுப்போகாது, டப்பாவில் அடைத்து எங்கும் அனுப்பலாம், அதனால் பிழைத்தது. கட்டுச்சோறு பிழைக்கவில்லை.

போன மாசம் மகளைப் பார்க்க சென்னைக்குப் போனேன். வீட்டில் புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார்கள். எதிர் சீட்டில் ஒரு தம்பி, முப்பது வயது இருக்கும், அலுமினிய டப்பாவில் வந்த சாப்பாட்டைத் திறந்தார். கட்டி தட்டின சோறு, மேலே மஞ்சளாக ஒரு குழம்பு, ஓரத்தில் ஒரு கூட்டு. நான் குற்றம் சொல்ல வரவில்லை, ஓடுகிற வண்டியில் ஆயிரம் பேருக்குச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் அந்தச் சோற்றைப் பார்த்து இது எந்த ஊர்ச் சோறு என்று சொல்ல முடியாது. மதுரையில் ஏற்றினாலும் போபாலில் ஏற்றினாலும் ஒன்றேதான். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். வாட்டின இலை வாசமும் நல்லெண்ணெய் வாசமும் பெட்டி முழுக்கப் போய்விட்டது. அந்தத் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, இது எந்த ஸ்டேஷன்ல வாங்குனீங்க?"

வீட்டில் கட்டியது என்று சொல்லிப் பாதியை அவருக்குக் கொடுத்தேன். ஆனால் அவர் கேட்டது மனசில் தைத்துவிட்டது. ஏனென்றால் அதற்கு ஒரு காலத்தில் பதில் இருந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது சோழவந்தான் ஸ்டேஷனுக்கு எங்கள் ஊர் அக்காமார் நாலைந்து பேர் கூடையோடு போவார்கள். அவிச்ச கடலை, கொய்யா, வெள்ளரி, சில நாள் இலையில் மடித்த இட்லி. பொடியும் எண்ணெயும் தடவி அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டிருக்கும். அதில் ஒரு அக்கா அந்தக் கூடையை வைத்தே ரெண்டு பொண்ணுகளைக் கட்டிக் கொடுத்தார். லைசென்ஸ் இல்லாமல் ரயிலிலும் ஸ்டேஷனிலும் விற்பது குற்றம். 1989 ரயில்வே சட்டத்தில் 144-ஆவது பிரிவு, அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு. சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கண்டதையும் விற்று யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் யார் பொறுப்பு? ஆனால் கூடைக்காரியைத் தடுத்த சட்டம் அவள் லைசென்ஸ் வாங்குவதற்கு ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கலாம். ஏசி பெட்டி வந்து ஜன்னலும் மூடிவிட்டது. அந்த அக்கா இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

இப்போது என் தோட்டத்துக்கு வாங்க. பெரியாறு அணைத் தண்ணி 1895-ல் மலையைத் தாண்டி வந்த பிறகு செழித்த பூமி எங்களுடையது. நெல், தென்னை, வெற்றிலை, வாழை. சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நான் முக்கால் ஏக்கரில் இலைக்கு என்றே வாழை போட்டிருக்கிறேன். இலை வியாபாரம் முகூர்த்தத்தை நம்பிய வியாபாரம். வைகாசியில் இலைக்கு ராஜமரியாதை, ஆடியில் கேட்க நாதி இருக்காது. அதே ஆடியில்தான் காற்றும் அடிக்கும். காற்று அடித்தால் இலை நார் நாராகக் கிழியும். கிழிந்த இலையைப் பந்தியில் போட முடியாது, மார்க்கெட்டில் எடுக்கமாட்டார்கள். போன ஆடியில் கட்டுக் கட்டாக அறுத்து மாட்டுக்குப் போட்டேன். மாடு சந்தோஷப்பட்டது, நான் படவில்லை.

2019 ஜனவரி 1-ஆம் தேதி பிளாஸ்டிக் தடை வந்தபோது, இனி ஹோட்டல் பார்சலுக்கெல்லாம் இலைதான் என்று நாங்கள் மகிழ்ந்துபோனோம். கொஞ்ச நாள் நடக்கவும் செய்தது. பிறகு சில்வர் கலர் கவர் வந்தது, கறுப்பு டப்பா வந்தது. இலை மறுபடி பந்திக்கே போய்விட்டது.

ஆனால் பொட்டலம் கட்டத் தலைவாழை இலை வேண்டியதில்லை. ரெண்டு கை அகலத்துக்கு ஏடு போதும். காற்றில் கிழிந்த இலையிலும் நல்ல துண்டு நாலு தேறும். தணலில் லேசாக வாட்டினால் துணி மாதிரி மடியும். எனக்கு ஆடி மாதம் குப்பையாகப் போகிறது பொட்டலத்துக்குச் சரியான சரக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரை ஜங்ஷனில் ஏறுகிற ஜனத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் மட்டும் சோழவந்தான் பொட்டலம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்துக்கு நூறு கிராம் அரிசி என்றால் தினம் நூறு கிலோ, வருஷத்துக்கு முப்பத்தாறு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. நெல்லாகப் பார்த்தால் ஐம்பத்தைந்து டன் சுமாருக்கு வரும், அதாவது இருபத்தைந்து ஏக்கர் ஒரு போக விளைச்சல். இலைக்கு மூணு நாலு ஏக்கர். புளி, எள், கடலை, கறிவேப்பிலை, வெற்றிலை தனி. இருபது முப்பது பெண்களுக்குச் சமையல் வேலையும் கட்டுகிற வேலையும் கிடைக்கும்.

இதைப் பார்த்து ஊரே பணக்காரன் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இருபத்தைந்து ஏக்கர் எங்கள் ஊர் ஆயக்கட்டில் ஒரு மூலை. ஆனால் அந்த மூலைக்கு வருஷம் பூராவும் வாங்குகிற ஆள் இருக்கும். விவசாயிக்கு விலை கூடக் கிடைப்பதைவிட முக்கியம், நாளைக்கும் வாங்குவான் என்கிற நம்பிக்கை. நெல்லாக விற்றால் நெல் விலை, சோறாக விற்றால் சோற்று விலை. அந்த வித்தியாசம் ஊருக்குள்ளேயே நிற்கும். அம்மா கேட்டாரே, சட்டியோடு விற்றால் என்ன மிஞ்சும் என்று, அதற்குப் பதில் இதுதான். சட்டிக் காசு குயவருக்கு, அரிசிக் காசு சம்சாரிக்கு. மிஞ்சுவது ஊருக்கு மிஞ்சும்.

'அதெல்லாம் நடக்காதுய்யா' என்பவர்கள் சொல்கிற காரணம் எனக்கும் தெரியும்.

முதல் காரணம், வண்டி நிற்பதில்லை. உண்மைதான். சோழவந்தானில் நிற்கிற எக்ஸ்பிரஸ் கொஞ்சம், நின்றாலும் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். ஆனால் சமைப்பதுதான் சோழவந்தானில், ஏற்றுவது மதுரையில். மதுரைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சீட்டிலிருந்தே போனில் சாப்பாடு சொன்னால் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுக்கிற வசதியை ரயில்வேயே வைத்திருக்கிறது. அதில் பெரிய ஹோட்டல் பேர் வருகிற இடத்தில் 'சோழவந்தான் மகளிர் குழு' என்று ஒரு பேர் ஏன் வரக்கூடாது? யோகோகாவாவில் பாதையையே மூடினார்கள், அவர்களே வழி கண்டுபிடித்தார்கள்.

ரெண்டாவது, கெட்டுப்போகும். புளியோதரை கெடுவதற்கு என்று கண்டுபிடித்த சோறு இல்லை, கெடாமல் இருப்பதற்குக் கண்டுபிடித்த சோறு. புளி, உப்பு, நல்லெண்ணெய் மூன்றும் காவல். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்த சனம் இதைத்தான் கட்டிவந்தது. சோற்றை ஆறவிட்டுக் கிளற வேண்டும், சூட்டோடு மூடினால் வியர்த்துவிடும். தயிர்ச்சோற்றுக்குப் பாலைக் கூட ஊற்றிப் பிசைந்தால் மத்தியானம் வரை புளிக்காது. இந்தப் பக்குவம் தெரிந்த கைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. அரசு உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் வாங்கட்டும், கட்டிய நேரத்தை இலை மேல் ஒட்டட்டும், வந்து சோதனை போடட்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

மூன்றாவது காரணம்தான் நிஜமான தடை. டெண்டர். ஒரு ரயிலுக்கு மொத்தமாக ஒருத்தர் என்றால் அந்த வாசலில் நுழையவே கோடீஸ்வரனாக இருக்க வேண்டும். பெரிய ஆளுக்குப் பெரிய சமையல்கூடம் வேண்டும், எல்லா ஊருக்கும் ஒரே ருசி வேண்டும். அங்கேதான் ஊர் தொலைகிறது.

ரயில்வே ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லக்கூடாது. 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்று 2022-ல் ஆரம்பித்தார்கள். மதுரை ஜங்ஷனில் சுங்குடிச் சேலைக்குக் கடை வந்தது, நல்ல காரியம். 2023-லிருந்து பொதுப்பெட்டி நிற்கிற இடத்தில் இருபது ரூபாய்ச் சாப்பாடு வந்திருக்கிறது, எங்கள் பக்கம் எலுமிச்சை சாதம், தயிர் சாதமும் அதில் உண்டு. ரிசர்வேஷன் இல்லாமல் நின்றுகொண்டு போகிறவனுக்கு அது பெரிய ஆறுதல், மனசாரப் பாராட்டுகிறேன். நான் கேட்பது இந்த ரெண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுங்கள் என்று. ஒரு நிலையம், ஒரு பொட்டலம். சேலைக்குக் கொடுத்த கடையை மாதிரிச் சோற்றுக்கும் ஒரு கடை. ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு மகளிர் குழு. ஒரே ஒரு நிபந்தனை: அரிசியும் இலையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டோம். 2004-ல் ரயிலில் டீக்கு மண்குவளை என்று நாடு முழுக்க ஒரே உத்தரவு போட்டார்கள். குவளை எந்தக் குயவரிடமிருந்து வரும், எப்படி வரும் என்கிற ஏற்பாடு ஊர் ஊராக உருவாகவில்லை. கொஞ்ச காலத்தில் காகிதக் கப்புக்கே திரும்பிவிட்டோம். மேலேயிருந்து விழுகிற உத்தரவுக்கு வேர் பிடிக்காது.

எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். திருமங்கலம் கரிசல் பக்கம் பருத்திப்பால் காய்ச்சலாம். பேரையூர், கல்லுப்பட்டி மானாவாரியில் குதிரைவாலி விளைகிறது, அதில் ஒரு சோறு கிளறலாம். மானாமதுரை மண்பாண்டத்துக்கும் புவிசார் குறியீடு வந்தாயிற்று. அந்த மண்ணில்தான் கடமே செய்கிறார்கள், கச்சேரிக்குத் தாங்குகிற மண் ஒரு கை தயிர்ச்சோற்றைத் தாங்காதா? ராமேஸ்வரம் போகிற வண்டியெல்லாம் அந்த வழிதான். குட்டிச் சட்டியில் தயிர்ச்சோறு, மேலே மாவடு. தின்றவன் சட்டியை வீட்டுக்கு எடுத்துப் போவான், எங்கள் மருமகப்பிள்ளை ஜப்பானிலிருந்து தூக்கி வந்த மாதிரி.

இதில் எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது, மறைப்பானேன். மதுரைக்கு வேலையாகப் போனால் நானே பரோட்டாவைத் தேடித்தான் போகிறேன். விசேஷ வீட்டில் புளிச்சோறு போட்டால் 'கஞ்சத்தனம்' என்று வெஞ்சனத்தை எண்ணுகிற சனம் நாங்கள். நம்ம சோற்றுக்கு நாமே மரியாதை கொடுக்கவில்லை என்றால் ரயில்காரனா கொடுப்பான்?

பட்டணத்தில் இருக்கிற நீங்கள் செய்யக்கூடியது ரொம்பச் சின்னது. மதுரைப் பக்கம் ரயில் ஏறும்போது, போனில் சாப்பாடு சொல்லும்போது, 'இலையில் கட்டின சாப்பாடு இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றுதான் பதில் வரும். பரவாயில்லை, கேளுங்கள். நூறு பேர் கேட்டால் கடைக்காரன் எங்களைத் தேடி வருவான், நாங்கள் ஓட வேண்டியதில்லை. பிளாட்பாரத்தில் கருத்தைக் கேட்டு எழுத ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள், அதிலும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

எங்கள் ஊர் மகளிர் குழுவில் பேசிவிட்டேன். லைசென்ஸுக்கு என்ன என்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அந்த அக்காவும் அதில் இருக்கிறார். "இட்லி வேணாம்யா, சீக்கிரம் நொந்து போகும். புளிச்சோத்துல ஆரம்பிப்போம்" என்று இப்போதே உத்தரவு போடுகிறார். இலை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆடிக்குள் நடந்தால் மாட்டுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அந்த எதிர் சீட்டுத் தம்பி இதைப் படிப்பாரோ மாட்டாரோ. அடுத்த தடவை அவர் மாதிரி யாராவது "எந்த ஸ்டேஷன்ல வாங்குனீங்க?" என்று கேட்டால், ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.